முப்பத்தெட்டாவது நாள்

— கம்பியைப் புடிக்காதீங்க தம்பி, இப்பத்தான் கிரீஸ் பூசிட்டுப் போனான். என் கையைப் புடிச்சு ஏறுங்க.

— ஏறிட்டேன் அக்கா.

— அட, நீங்கதானா அது! போன்ல கேக்கறப்ப அம்பது வயசு, தொப்பை, முன் வழுக்கைன்னு மனசுல ஒரு ஆளை உக்கார வச்சிருந்தேன். நேர்ல பாத்தா பரீட்சைக்கு பேனா மறந்துட்டு வந்த பையன் மாதிரி நிக்கறீங்க.

— முப்பத்தொண்ணு முடிஞ்சுது.

— முப்பத்தெட்டு நாளா தினம் ரெண்டு வேளை பேசறோம், மூஞ்சியை இன்னைக்குத்தான் பாக்கறேன். மன அழுத்த மாத்திரையை விடறவங்களோட அந்தக் குழுவில வச்ச பேரும் பேரு. உங்களுக்கு லென்ஸு, எனக்கு ஸ்டியரிங். ரெண்டு பேரும் சேந்து பழைய இரும்புக் கடை போட்ட மாதிரி இருக்கு.

— சொந்தப் பேரு சொல்லக் கூடாதுங்கறது குழுவோட விதி.

— நேர்ல பாக்கக் கூடாதுங்கறதும் விதிதான். அப்புறம் எதுக்கு வேலையை விட்டுட்டு பட்டப்பகல்ல என் டிப்போவுக்கு ஓடி வந்தீங்க?

— காலையில உங்க குரல் சரியில்ல.

— என் குரலுக்கு என்ன? நல்லா கணீர்னுதானே பேசினேன்.

— அதான். மூச்சு விடாம பேசினீங்க.

— சும்மா சொல்லக் கூடாது, காது உங்களுக்கு பாம்புக் காது. ஆனா நான் பொறந்ததுல இருந்தே இப்படித்தான். பிரசவ வார்டுல நர்ஸம்மா வந்து, இந்தக் குழந்தைக்கு வாயை மூடற பொத்தான் எங்கன்னு எங்கம்மாகிட்ட கேட்டாங்களாம். உக்காருங்க. என் பின்னாடி சீட்டுல வேணாம், பக்கத்துல அந்த முதல் சீட்டுல.

— இந்த பஸ் வேலை செய்யுதா?

— இது எழுபத்திரெண்டாம் நம்பர். கழுவறதுக்குன்னு ஷெட்ல விட்டிருக்காங்க. ஆளுங்க சாப்பிடப் போயிருக்காங்க, சூப்பர்வைசர் மேல மீட்டிங்ல. முக்கால் மணி நேரத்துக்கு இந்த முற்றத்துல நீங்க, நான், அதோ அந்தத் தண்ணி டிரம்மு. வேற யாரும் இல்ல.

— நீங்க டிரைவர் சீட்டுல உக்காந்திருக்கீங்க.

— டிரைவர் பின்ன எங்க உக்காருவா, கூரை மேலயா?

— சாவி?

— மெக்கானிக் குடுத்தா. என் கூட வேலைக்குச் சேந்தவ. ஒரு ரவுண்டு, டிரம்மைச் சுத்தி, அவ்வளவுதான்னு சொன்னேன். கேட்டுக்கோங்க தம்பி, திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு எனக்கு ஓட்டிக் காட்டற சோதனை. மேலிடத்துல இருந்து ஆள் வர்றாங்க. மாத்திரை இல்ல, மயக்கம் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வண்டியை எடுக்கணும். தேறினா ஸ்டியரிங். இல்லேன்னா ஓய்வு பெறுற வரைக்கும் அந்தக் கவுண்டர்தான்.

— தொலைஞ்ச பொருள் கவுண்டர்.

— பதினோரு மாசம்! பதினோரு மாசமா குடைக்கும் டிபன் பாக்ஸுக்கும் ரசீது எழுதறேன். போன வாரம் ஒருத்தர் பல்செட்டைத் தேடிட்டு வந்தார். மூணு செட்டு எடுத்து வச்சேன். ஒவ்வொண்ணா மாட்டிப் பாக்கறாரு தம்பி, செருப்புக் கடையில அளவு பாக்கற மாதிரி. பதினெட்டு வருஷம் இந்த ஊரைச் சுமந்தவ நான். எனக்கு இது தேவையா?

— தேவையில்ல.

— ஆங், அப்படிச் சொல்லுங்க.

— இன்னைக்கு அரை மாத்திரை போட்டீங்களா?

— பாருங்க, பேச்சு எங்க போனாலும் நீங்க மாத்திரைக்கே வந்து நிப்பீங்க. செக்கு மாடு.

— போட்டீங்களா அக்கா?

— போட்டேன் போட்டேன்.

— எப்ப?

— காலையில. சாப்பிட்டதும்.

— உங்க அட்டவணையில ராத்திரி வேளைதான் இருக்கு. டாக்டர் ராத்திரிக்குத்தான் எழுதியிருக்காங்க.

— அடேங்கப்பா, போலீஸ்ல சேர வேண்டிய ஆளு, கண்ணாடிக் கடையில லென்ஸ் தேச்சுட்டு இருக்கீங்க.

— எத்தனை நாளா போடல?

— ரெண்டு.

— ரெண்டா?

— சரி, மூணு. முந்தாநாளுக்கு முந்தின நாள்ல இருந்து. மறைச்சு என்ன ஆகப் போகுது. மாத்திரையைக் குறைக்கற மூணாவது படியில நின்னு நின்னு கால் மரத்துப் போச்சு தம்பி. இன்னும் மூணு படி இருக்காம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வாரமாம். திங்கக்கிழமைக்கு எனக்காகக் காத்திருக்கத் தெரியாதே. அதான் ஒரே எட்டா எட்டி வச்சுட்டேன்.

— டாக்டருக்குத் தெரியுமா?

— டாக்டர் மடியில உக்காந்தா இருக்கேன்?

— இப்ப போன் பண்ணுங்க.

— பண்ண மாட்டேன். பண்ணா திங்கக்கிழமையைத் தள்ளிப் போடும்பாங்க. நீங்களும் அதையேதான் சொல்லப் போறீங்கன்னு தெரியும்.

— ஆமா.

— மூணு நாள்ல எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. கொஞ்சம் வேர்க்குது. தூக்கம் துண்டு துண்டா வருது. மண்டைக்குள்ள அந்தப் பொறி கொஞ்சம் தட்டுது. அவ்வளவுதானே?

— பொறி எப்ப தட்டுது?

— சும்மா, எப்பவாவது.

— கண்ணைத் திருப்பும்போதா?

— உங்களுக்கே தெரியுமே. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, மண்டைக்குள்ள யாரோ லைட்டைப் போட்டு அணைக்கற மாதிரி இருக்கும், பயப்படாதீங்கன்னு. அன்னைக்கு எனக்குப் பைத்தியம் புடிக்குதோன்னு பாத்ரூம்ல உக்காந்துட்டேன். நீங்க போன்ல அதையே அச்சு அசலா சொன்னதும் உயிர் வந்துச்சு. அதுக்கு நன்றி இருக்கு, இல்லைன்னு சொல்லல.

— சாவியைக் குடுங்க.

— நன்றி வேற, சாவி வேற.

— அக்கா.

— தம்பி, ஒண்ணு கேக்கறேன். குழுவில அத்தனை பேரும் என்கிட்ட கேட்டாங்க, எதுக்கு இந்த மாத்திரை ஆரம்பிச்சேன்னு. நீங்க ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. ஏன்?

— சொல்லணும்னா நீங்களே சொல்வீங்கன்னு விட்டுட்டேன்.

— இன்னைக்குச் சொல்றேன். இந்த சீட்டுல உக்காந்துதான் சொல்ல முடியும் போல. பகல் பதினொன்னரை மணி. மழை இல்ல, கூட்டம் இல்ல. வேகமும் இல்ல, அதுல ஆணையிட்டுச் சொல்வேன். ஒரு சின்னப் பொண்ணு, இருபத்தாறு இருபத்தேழு இருக்கும், ரோட்டுல இறங்கினா. நல்லாத்தான் வந்தா. நடுவுல வந்ததும் நின்னுட்டா.

— ம்.

— நிக்காம நடந்திருந்தா தாண்டியிருப்பா. ஓடியிருந்தா தாண்டியிருப்பா. திரும்பிப் போயிருந்தாக்கூடப் பொழைச்சிருப்பா. நட்டு வச்ச மாதிரி நின்னா தம்பி. ஏன் நின்னா? நான் பிரேக்கைப் போட்டேனா, போட்டதா நெனச்சுக்கறேனா? அது எனக்குத் தெரியல. காலையில கேட்டா போட்டேன்னு தோணுது, ராத்திரி கேட்டா போடலைன்னு தோணுது.

— விசாரணை நடந்திருக்குமே.

— நடந்துச்சு. என் மேல தப்பில்லைன்னு மூணு பக்கத்துக்கு எழுதிக் குடுத்தாங்க. காகிதத்துக்கு என்ன தெரியும்? அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் புகாரே குடுக்கல. யார் மேலயும் குறை இல்லைன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பிட்டாராம், நேர்ல வரவும் இல்ல. வந்து நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தா நான் தூங்கியிருப்பேன்.

— திட்ட அவருக்கு எதுவும் இல்லாம இருந்திருக்கும்.

— பொண்டாட்டியைத் தூக்கிக் குடுத்தவனுக்கா? நல்லா இருக்கு உங்க நியாயம். சரி விடுங்க. அதனாலதான் சொல்றேன், எனக்கு இந்த ஸ்டியரிங்கை மறுபடி புடிச்சே ஆகணும். ஓட்டி, நிறுத்தி, ஒரு ஆளை ஏத்தி, ஒரு ஆளைப் பத்திரமா இறக்கி விடணும். அப்பத்தான் நான் ஆளு. அதுவரைக்கும் நானும் அந்தக் கவுண்டர்ல கிடக்கற ஒரு சாமான்தான்.

— புடிப்பீங்க. ஆனா இந்தத் திங்கக்கிழமை இல்ல.

— சரி, அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்க இதே மாத்திரையில இருந்து வெளிய வந்தவரு. உங்க முப்பத்தெட்டாவது நாள் எப்படி இருந்துச்சு?

— ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

— இது அச்சடிச்ச பதில். முதல் ஒரு மாசம் எப்படிப் பேசினீங்க! ஒன்பதாம் நாள் வாசனை எல்லாம் கூடுதலாத் தெரியும், பதினாலாம் நாள் காரணம் இல்லாம அழுகை வரும், டீ குடிக்காதீங்க, குளிச்சா குறையும். அத்தனையும் நடந்துச்சு. ஒரு வாரமா எது கேட்டாலும் டாக்டரைக் கேளுங்க, டாக்டரைக் கேளுங்க. ஏன், ஸ்டாக் தீந்துடுச்சா?

— மறந்துடுச்சு.

— ஒன்பதாம் நாள் வாசனை ஞாபகம் இருக்கு, முப்பத்தெட்டு மறந்துடுச்சா? சரி, வேற ஒண்ணு கேக்கறேன். மாத்திரையைப் பாதியா வெட்டினா ஒரு பக்கம் பூச்சு இருக்காது. அது நாக்குல பட்டா எப்படி இருக்கும்?

— கொஞ்சம் கசக்கும்.

— கொஞ்சமா? நாக்கே மரத்துப் போகும் தம்பி. அரை மணி நேரத்துக்குச் சொந்த நாக்கு யாரோ வச்சுட்டுப் போன மாதிரி கிடக்கும். போட்டவன் எவனும் கொஞ்சம் கசக்கும்னு சொல்ல மாட்டான்.

— அக்கா, அது...

— இருங்க. இருபதாம் நாள் ஒரு கனவு சொன்னீங்க. யாரோ பின்னாடி உக்காந்து தலை வாரிப் பின்னி விடறாங்க, பின்னல் நீண்டுக்கிட்டே போகுது, முடியவே இல்லன்னு. அன்னைக்கு எனக்கு அழுகை வந்துச்சு, அதனால யோசிக்கல. இப்ப உங்க தலையைப் பாத்துட்டுக் கேக்கறேன். சீப்பு நிக்காத இந்த ஒட்ட முடியில எவ தம்பி பின்னல் போட்டா?

— என் கனவு இல்ல அது.

— பின்ன?

— என் மனைவியோடது. மாத்திரையும் அவளோடதுதான். ஒரு நோட்டுல தினம் எழுதி வச்சிருந்தா. ஒரு நாளைக்கு அரைப் பக்கம். அதைப் படிச்சுத்தான் உங்களுக்குச் சொன்னேன்.

— நீங்க?

— நான் ஒரு மாத்திரைகூடப் போட்டதில்ல.

— என்ன சொன்னீங்க?

— போட்டதில்ல.

— மயக்கம் வருதுன்னு பாத்ரூம் தரையில உக்காந்துட்டு போன் பண்றேன், எனக்கும் இப்படித்தான் இருந்துச்சுக்கா, எழுந்துக்கங்கன்னு சொன்னீங்களே, எனக்கும்னு!

— சொன்னேன்.

— வேகாத வெயில்ல நிக்கறவளுக்கு, நிழல்ல உக்காந்து சூடு எப்படி இருக்கும்னு புஸ்தகம் படிச்சுக் காட்டியிருக்கீங்க. குழுவில சேந்தவன் எல்லாம் அனுபவிச்சவன்னு நம்பித்தானே மனசைத் திறந்தேன்? அந்தப் பொண்ணு எங்க? ஏன் அவங்க வந்து பேசல?

— அவ இப்ப இல்ல.

— விட்டுட்டுப் போயிட்டாங்களா? நல்ல காரியம் பண்ணாங்க. நோட்டைத் திருடிப் படிக்கிற ஆம்பளை கூட எவ குடும்பம் நடத்துவா.

— சரி.

— என்ன சரி? கோபமே வராதா உனக்கு? இவ்வளவு கேக்கறேன், மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்க!

— கொஞ்ச நாளா எதுவும் வரதில்ல அக்கா.

— இறங்கு.

— சாவியைக் குடுத்தா இறங்கறேன்.

— இறங்கு தம்பி. உன்கிட்ட கேட்டு வண்டி எடுக்கற நிலைமையில நான் இல்ல. மாத்திரை போடாதவனுக்கு மாத்திரையை விடறதைப் பத்திப் பேச என்ன யோக்கியதை?

— இல்லதான்.

— அப்ப இறங்கு.

— இறங்கறேன்.

— பாத்து, அந்தக் கம்பியில கிரீஸ். சொல்றேன்ல! கையைத் துடைச்சுக்கிட்டு அப்படியே கேட்டுப் பக்கம் நடங்க. சாயங்காலம் போன் பண்ண வேணாம். நாளைக்கும் வேணாம்.

— அக்கா.

— எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. போங்க!

— அக்கா!

— யோவ்! முன்னாடி என்ன பண்ற? தள்ளு! வண்டிக்கு முன்னாடி நிக்காத!

— இங்கதான் நிக்கறேன்.

— விளையாடற இடமா இது? தள்ளு தம்பி. வண்டிக்கு முன்னாடி ஆள் நின்னா எனக்கு ஆகாது, உனக்குத் தெரியாதா?

— தெரியும். ஏன் இன்னும் நகரல வண்டி?

— பிரேக் டேங்க்ல ஏர் ஏறணும். மீட்டர் முள்ளு இன்னும் பாதியிலதான் நிக்குது. ஏர் முழுசா ஏறினாத்தான் பிரேக் விடும்.

— எத்தனை நிமிஷம்?

— மூணு.

— மூணு நிமிஷம் பேசறேன். அப்புறமும் எடுக்கணும்னு தோணுச்சுன்னா நானே தள்ளிக்கறேன். ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறங்க.

— திறந்துதான் இருக்கு. சொல்லித் தொலை.

— எங்க கடைக்கு உங்க டிப்போ ஆளுங்க கண்ணாடி மாத்த வருவாங்க. ஒன்றரை மாசம் முன்னாடி உங்க ஆபீஸ் கிளார்க் வந்தார். உங்க பேரைச் சொல்லி, அவங்க மாத்திரையை விடப் போறாங்க, அதுக்காக ஒரு குழுவுல சேந்திருக்காங்கன்னு யார்கிட்டயோ போன்ல பேசிட்டிருந்தார். மறுநாள் நானும் போய்ச் சேந்தேன். ஸ்டியரிங்குங்கற பேரைப் பாத்ததும் உங்க கூடத்தான் ஜோடி போடணும்னு கேட்டு வாங்கினேன்.

— என்னையா? என் பேரு தெரிஞ்சே வந்தியா?

— தெரிஞ்சேதான்.

— எதுக்கு?

— நீங்க மறுபடி வண்டி ஓட்டணும். அதுக்கு.

— உனக்கு என்ன வந்துச்சு நான் ஓட்டினா என்ன, ஓட்டாட்டி என்ன?

— ஏர் ஏறிட்டிருக்கு. முதல்ல இதைச் செய்ங்க. முற்றத்துல ரவுண்டு போகணும்னா கண்ணாடி பாக்கணும் இல்லையா? இடது பக்கக் கண்ணாடியைப் பாருங்க.

— பாத்தேன்.

— என்ன தெரியுது?

— கழுவற மேடை. சுருட்டி வச்ச ஹோஸ் பைப்பு. ஒரு வாளி.

— நேரா பாருங்க. நான் தெரியறேனா?

— தெரியற. தெரியாம என்ன, தூண் மாதிரி நிக்கற.

— இப்ப வலது கண்ணாடி. ரோட்டுல பாக்கற வேகத்துல. வலது, நேரா, இடது, நேரா. மறுபடி வலது. நிறுத்தாதீங்க.

— பதினெட்டு வருஷமா செஞ்ச வேலைதான். வலது. நேரா. இடது. நேரா. வலது...

— நிறுத்தாதீங்க.

— ...

— அக்கா?

— இரு.

— என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. தட்டுச்சு. ஒரு தட்டு. போயிடுச்சு.

— நான் எங்க நிக்கறேன்?

— அங்கயேதான் நிக்கற.

— இல்ல. நான் முதல்ல நின்னது டிரைவர் பக்க விளக்குக்கு முன்னாடி. இப்ப எங்க நிக்கறேன்?

— ...நடுவுல.

— எப்ப நகந்தேன்?

— நகந்தியா?

— மூணு எட்டு. மெதுவாத்தான் வந்தேன். கையை வேற ஆட்டினேன்.

— பாக்கலையே.

— கண்ணு திறந்துதான் இருந்துச்சு. என்னையே பாத்துட்டுத்தான் இருந்தீங்க.

— பாக்கல தம்பி. நான் உன்னைப் பாக்கவே இல்ல.

— அதைக் காட்டத்தான் நின்னேன். ஏர் ஏறிடுச்சா?

— ஏறிடுச்சு.

— தள்ளிக்கட்டுமா?

— அசையாத. எஞ்சினை நிறுத்தறேன். அசையாத, அங்கயே நில்லு. கடவுளே. நிறுத்திட்டேன். பாரு, சாவி வெளிய. இந்தா, கீழ போட்டேன். எடுத்துப் பையில வச்சுக்க.

— எடுத்துட்டேன்.

— இப்ப வண்டியை எடுத்திருந்தா...

— எடுக்கல.

— எடுத்திருப்பேன். ஏர் இருந்திருந்தா எடுத்திருப்பேன்.

— இப்ப டாக்டருக்குப் போன் பண்ணுங்க. நீங்களா மறுபடி பாதியைப் போடவும் வேணாம், போடாம இருக்கவும் வேணாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. மூணு நாள், கண்ணாடி, நான் நகந்தது, எல்லாம்.

— மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் எடுப்பாங்க.

— அதுவரைக்கும் இங்க இருக்கேன்.

— திங்கக்கிழமை போச்சு.

— இன்னொரு திங்கக்கிழமை வரும்.

— வராமப் போனா நான் வரவைப்பேன். கேட்டுக்கங்க, இது உங்களுக்குச் சொல்றது இல்ல, எனக்கே சொல்லிக்கறேன். சூப்பர்வைசர் வந்ததும் நானே போய்ச் சொல்லப் போறேன், எனக்கு இன்னும் ஆகல, தேதி தள்ளிக் குடுங்கன்னு. குடுக்கலைன்னா யூனியன்ல போய் உக்காருவேன். இன்னும் ஆறு மாசம் பல்செட்டுக்கு ரசீது எழுதினாலும் சரி. டாக்டர் எத்தனை படி சொல்றாங்களோ அத்தனை படியும் உக்காந்து உக்காந்து இறங்குவேன். ஒண்ணைக்கூடத் தாண்ட மாட்டேன்.

— சரி.

— இந்த சரி நல்லா இருக்கு. ஏறி வாங்க. படியில உக்காருங்க, நானும் வர்றேன். இந்த சீட்டுல இனி உக்கார எனக்கு இன்னைக்குத் தெம்பு இல்ல. தண்ணி குடிக்கறீங்களா?

— குடுங்க.

— நான் பேசினது அதிகம். வீட்டுக்காரம்மாவை வேற இழுத்துட்டேன்.

— பரவாயில்ல.

— என்னைக் காப்பாத்தினது அந்த நோட்டுதான். மத்ததெல்லாம் அப்புறம் சண்டை போட்டுக்கலாம். ஆனா ஒரு வாரமா ஏன் டாக்டர் டாக்டர்னீங்க?

— முப்பத்தோராம் நாள்ல அவளும் குதிச்சுட்டா. மூணாவது படியில இருந்து நேரா தரைக்கு. அதுக்கப்புறம் நோட்டுல இருக்கறதெல்லாம் குதிச்சதோட கதை. உங்களுக்கு அது ஆகாது. அதனால நோட்டு சொன்னதுக்கெல்லாம் நேர்மாறாச் சொன்னேன். மிச்சத்துக்கு டாக்டர்.

— ஏன் குதிச்சாங்க? அவங்களுக்கும் ஏதாவது சோதனையா?

— நான் சொன்னேன். போதும், தூக்கிப் போடு, இன்னும் எத்தனை நாளைக்கு ஊறுகாய் மாதிரி தொட்டுக்கிட்டே இருப்பன்னு. எனக்குப் பழையபடி அவ வேணும்னு அவசரம்.

— தெரியாம சொன்னதுதானே.

— தெரிஞ்சுக்கலாம்னு நெனைக்கல. நோட்டு மேசை மேலேயேதான் இருந்துச்சு. அப்ப ஒரு நாள்கூடத் திறந்து பாக்கல.

— அப்புறம்தான் படிச்சீங்களா?

— அப்புறம்தான்.

— முப்பத்தெட்டாவது நாள் என்ன எழுதியிருக்காங்க? இன்னைக்கு எனக்கும் அதே நாள்தானே. ஒளிக்காம சொல்லுங்க, தாங்கிக்குவேன்.

— ஒண்ணும் இல்ல. நாளோட நம்பர் மட்டும் போட்டு, கீழ கோடு இழுத்து வச்சிருக்கா. ராத்திரி எழுதறதுதான் அவ வழக்கம்.

— அன்னைக்கு ராத்திரி எழுதலையா?

— இல்ல.

— தம்பி... விட்டுட்டுப் போயிட்டாங்களான்னு கேட்டேனே, அதுக்கும் சரின்னீங்களே. என்னதான் ஆச்சு அன்னைக்கு?

— கடைக்கு வந்துட்டிருந்தா. எனக்கு அவளைப் பாத்ததும் சந்தோஷம், அன்னைக்கு சிரிச்ச முகமா இருந்தா. கையைத் தூக்கிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சட்டுன்னு தலையைத் திருப்பினா. பொறி தட்டியிருக்கும். அப்படியே நின்னுட்டா.

— எங்க நின்னாங்க?

— நடு ரோட்டுல, பகல் பதினொன்னரைக்கு. நீங்க பிரேக் போட்டீங்க அக்கா, நான் எதிர்ப் பக்கம் நின்னு பாத்தேன்.